வென்றது கடை அல்ல

மேலாண்மை பற்றித் தமிழில் வரும் நூல்களிலும் பயிலரங்க மேடைகளிலும் ஒரு கதை ஓயாமல் சொல்லப்படுகிறது. ஆப்பிள் 2001இல் சொந்தக் கடை திறந்தது, பொருளை விற்காமல் 'அனுபவத்தை' விற்றது, அதனால் ஜெயித்தது. அதைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் 2009இல் கடை திறந்தது. வெறும் நகல் என்பதால் தோற்று, 2020இல் கடைகளை மூடியது. ஆகவே, ஒரு தொழில்நுட்ப நிறுவனம் போட்டியில் நிற்க வேண்டுமானால், வருகிறவர் மனம் மயங்கும்படி ஒரு கடை வேண்டும். இதுதான் கதை, இதுதான் அது சொல்லும் நீதி.

கதையில் வரும் ஆண்டுகள் சரி. காரணங்கள்தான் தவறு. அந்தத் தவறான காரணங்களை நம்பி நிறுவனங்கள் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டியிருக்கின்றன. நல்ல ஊழியர்கள் வேலை இழந்திருக்கிறார்கள். இப்போது அதே நீதி இந்திய மால்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆகவே அதை முழுமையாக மறுத்தாக வேண்டும்.

என் வாதம் இதுதான். கடை யாரையும் வெல்ல வைப்பதில்லை. நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் பலத்தை அது பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். பூஜ்ஜியத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான் மிஞ்சும். மற்றவர் கடையில் தீர்க்கவே முடியாத ஒரு சிக்கல் இருக்கிற நிறுவனத்துக்குத்தான் சொந்தக் கடை தேவை. அப்படிப்பட்ட சிக்கல் இல்லாதவர் கட்டும் கடை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நிலைக்காது.

தேவை பெற்ற கடை

1990களின் அமெரிக்காவில் மேக் கணினி வாங்கப் போனவர் என்ன கண்டார்? சியர்ஸ், சர்க்யூட் சிட்டி போன்ற பெருங்கடைகளில் மேக் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது. கடை ஊழியருக்கு விண்டோஸ் தெரியும், மேக் தெரியாது. எது சுலபமாக விலைபோகுமோ அதைக் காட்டி அனுப்பிவிடுவது அவருக்கு எளிது. 1997இல் ஆப்பிளுக்குத் திரும்பிய ஸ்டீவ் ஜாப்ஸ், அடுத்த ஆண்டிலேயே இப்படிப்பட்ட பெருங்கடைகள் பலவற்றோடு உறவை முறித்துக்கொண்டார். காம்ப்யூஎஸ்ஏ கடைகளுக்குள் ஆப்பிளுக்கென்று தனிப் பகுதி அமைத்துப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. அமெரிக்கக் கணினிச் சந்தையில் ஆப்பிளின் பங்கு அப்போது 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

இந்த நெருக்கடியில்தான் கடை பிறந்தது. மேக் தனக்கென்று ஓர் இயங்குதளம் வைத்திருந்தது. 2001 மார்ச்சில் ஓஎஸ் எக்ஸ் என்ற முற்றிலும் புதிய இயங்குதளமும் வெளிவந்தது. விண்டோஸில் பழகிய ஒருவர், விவரம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று விளக்காமல் அதன் பக்கம் திரும்பமாட்டார். விளக்க அந்நியர் கடைகளில் ஆள் இல்லை. வேறு வழியில்லாத நிலையில் எடுத்த முடிவுதான் சொந்தக் கடை. கேப் ஆடை நிறுவனத்தின் தலைவர் மிக்கி டிரெக்ஸ்லர் 1999இல் ஆப்பிள் இயக்குநர் குழுவுக்கு வந்தார். டார்கெட் நிறுவனத்திலிருந்து ரான் ஜான்சன் 2000இல் வந்தார். கிடங்கு ஒன்றுக்குள் மாதிரிக் கடை கட்டிப் பார்த்தார்கள். பொருள்வாரியாக அடுக்குவது தவறு, மக்கள் அதைக் கொண்டு செய்யும் வேலைவாரியாக, அதாவது இசை, படம், காணொளி என்று அடுக்க வேண்டும் என்பது ஜான்சனுக்குப் பாதி வழியில் புலப்பட்டது. எல்லாவற்றையும் கலைத்து மறுபடி கட்டினார்கள். 2001 மே 19 அன்று வர்ஜீனியாவின் டைசன்ஸ் கார்னரிலும் கலிஃபோர்னியாவின் கிளென்டேலிலும் முதல் இரண்டு கடைகள் திறந்தன.

அந்த மாதமே, இந்தக் கடைகள் பிழைக்காது என்று 'பிசினஸ் வீக்' இதழில் கட்டுரை வந்தது. அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டிச் சிரிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் முதல் சில ஆண்டுகளைப் பாருங்கள். ஆப்பிளின் கடைப் பிரிவு உடனே லாபம் காணவில்லை. மரமேசைகள் இருந்தன, விளக்கம் சொல்லவும் பழுது பார்க்கவும் 'ஜீனியஸ் பார்' இருந்தது, புன்னகையோடு வரவேற்கும் ஊழியர்கள் இருந்தார்கள். 'அனுபவம்' எதிலும் குறைவில்லை. லாபம் மட்டும் இல்லை.

பிறகு என்ன மாறியது? மேசையும் விளக்கும் மாறவில்லை. 2001 அக்டோபரில் ஐபாட் வந்தது. 2002இல் அது விண்டோஸ் கணினியோடும் இணைந்தது. 2003 அக்டோபரில் ஐட்யூன்ஸ் விண்டோஸுக்கு வந்தது. முதலில் மேக் வைத்திருந்த சிறு கூட்டத்துக்கு மட்டும் பயன்பட்ட ஒரு கருவி, கணினி வைத்திருந்த எல்லோருக்கும் உரியதாயிற்று. 2004இல் கடைகளின் ஆண்டு விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது. 2007இல் ஐஃபோன் வந்தபின் கடை வாசலில் மக்கள் வரிசையில் படுத்துக்கிடந்தார்கள். பொருள் கூட்டத்தை அழைத்துவந்தது. வந்த கூட்டத்தைக் கடை நன்றாகக் கவனித்துக்கொண்டது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டுத்தான் 'அனுபவம் வென்றது' என்கிறார்கள்.

அனுபவம் இருந்தும் அழிந்தவை

அனுபவம்தான் காரணம் என்றால், அதே அனுபவத்தைத் தந்த மற்றவர்களும் வென்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

கேட்வே என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தை இன்று பெரும்பாலானோர் மறந்துவிட்டார்கள். பசுவின் உடலில் இருப்பதைப் போன்ற கறுப்பு வெள்ளைத் திட்டுகள் போட்ட பெட்டிகளில் கணினியை அனுப்பிய நிறுவனம் அது. ஆப்பிளுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1996இலேயே, 'கேட்வே கன்ட்ரி' என்ற சொந்தக் கடைகளைத் திறக்கத் தொடங்கியது. உச்சத்தில் 300க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. உட்கார்ந்து கணினியைத் தொட்டுப் பார்க்கலாம், பயிற்சி வகுப்பில் சேரலாம், நிதானமாகக் கேள்வி கேட்கலாம். ஆனால் வாங்கிய கணினியைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஆர்டர் கொடுத்துவிட்டு, அது தயாராகி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, கேட்வே கணினிக்குள் இருந்ததும் மற்ற எல்லாரும் விற்ற அதே விண்டோஸ்தான். விலையில் டெல் அதை நெருக்கியது. 2004 ஏப்ரலில் எஞ்சியிருந்த 188 கடைகளையும் ஒரே அடியாக மூடினார்கள்; சுமார் 2,500 பேர் வேலை இழந்தார்கள். அங்கே பரிவு இருந்தது, பயிற்சி இருந்தது. தனித்த பொருள் இல்லை.

டெல் நிறுவனமும் மால்களுக்குள் சிறு விற்பனை நிலையங்கள் வைத்துப் பார்த்தது. 2008 ஜனவரியில் அமெரிக்காவில் இருந்த 140 நிலையங்களையும் மூடியது. சோனியின் பெயர் ஒரு காலத்தில் ஆப்பிளின் பெயரைவிட ஒளிவீசியது. அதன் அமெரிக்கக் கடைகள் 31இல் 20ஐ 2014இல் மூடுவதாக அது அறிவித்தது. சோனிக்கு அழகுணர்ச்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாக்மேன் காலத்தில் இருந்ததுபோல் வேறெங்கும் கிடைக்காத பொருள் அதனிடம் அப்போது இல்லை.

எல்லாவற்றிலும் வலுவான சான்று ரான் ஜான்சனே. ஆப்பிள் கடைகளை உருவாக்கியவர் என்ற புகழோடு 2011 நவம்பரில் அவர் ஜேசி பென்னி என்ற பழைய பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் தலைவரானார். அதே மனிதர், அதே திறமை. தள்ளுபடிக் கூப்பன்களை ஒழித்தார், நேர்மையான ஒரே விலை என்றார், கடைகளுக்குள் கடைகள் அமைத்தார். 2012இல் விற்பனை ஏறக்குறைய கால்பங்கு சரிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2013 ஏப்ரலில் அவர் வெளியேற்றப்பட்டார். அவர் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஆப்பிளில் அவர் பெருக்கிக் காட்ட ஒரு பலம் இருந்தது. ஜேசி பென்னியில் மக்கள் தேடி வந்தது கூப்பனைத்தான், அதையும் அவர் எடுத்துவிட்டார். கடைக்கலை தனியாக நின்று வெல்லும் என்றால் இது நடந்திருக்காது.

மைக்ரோசாஃப்ட்டின் தோல்வி எது?

மைக்ரோசாஃப்ட் நகலெடுத்ததால் தோற்றது என்பார்கள். மேசைகளும் வண்ணச் சட்டை அணிந்த ஊழியர்களும் ஆப்பிளை நினைவூட்டியது உண்மை. ஆனால் அந்தக் கடைகள் மோசமானவை அல்ல. 'ஆன்சர் டெஸ்க்' என்ற உதவி மேசை இருந்தது, வகுப்புகள் நடந்தன. கணினி தயாரிப்பாளர்கள் காசு வாங்கிக்கொண்டு திணிக்கும் வேண்டாத மென்பொருள்களை நீக்கி, சுத்தமான விண்டோஸ் மட்டும் உள்ள 'சிக்னேச்சர்' கணினிகளை அங்கே விற்றார்கள். வாங்குகிறவருக்கு இது மெய்யான நன்மை. சந்தையில் மற்றவர் செய்ய மறுத்தது. நகலெடுத்தவன் தோற்பான் என்ற எளிய நீதி இந்த நன்மையைப் பார்க்கவே விடுவதில்லை.

அப்படியானால் ஏன் நிலைக்கவில்லை? மைக்ரோசாஃப்ட்டுக்குக் கடையே தேவைப்படவில்லை என்பதால்தான். உலகில் கணினி விற்கும் கடை ஏறக்குறைய ஒவ்வொன்றும் விண்டோஸ் கடையாகவே இருந்தது. விளக்கம் கேட்டு யாரும் திகைத்து நிற்கவில்லை. 2009இல் கூட்டாளி நிறுவனங்களின் மாநாட்டில் அதன் உயர் அதிகாரி கெவின் டர்னர், ஆப்பிள் கடைகளுக்குப் பக்கத்திலேயே கடை திறப்போம் என்று அறிவித்தார். கடையின் காரணம் வாடிக்கையாளரின் குறை அல்ல, எதிராளியின் முகவரி. சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது. முதல் கடை 2009 அக்டோபர் 22 அன்று, விண்டோஸ் 7 வெளிவந்த அதே நாளில், அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் திறந்தது. எக்ஸ்பாக்ஸ், சூன் இசைக்கருவி, மென்பொருள் பெட்டிகள் தவிர அங்கே இருந்தவை மற்ற நிறுவனங்களின் மடிக்கணினிகள். அவற்றை எந்தக் கடையிலும் வாங்கலாம்.

சொந்தக் கணினியான சர்ஃபேஸ் மூன்று ஆண்டுகள் கழித்து, 2012 அக்டோபரில்தான் வந்தது. அது இன்னொரு முடிச்சைப் போட்டது. விண்டோஸை விலைக்கு வாங்கித் தங்கள் கணினியில் போட்டு விற்ற நிறுவனங்களோடு மைக்ரோசாஃப்ட் தானே போட்டியில் இறங்கியது. ஏசர் நிறுவனத் தலைவர் வெளிப்படையாகவே எச்சரித்தார். தன் பொருளை முழு மூச்சோடு முன்னிறுத்தினால் கூட்டாளிகள் பகையாவார்கள். முன்னிறுத்தாவிட்டால் கடைக்கு அர்த்தமில்லை. விற்காமல் தேங்கிய சர்ஃபேஸ் ஆர்டி கணினிகளுக்காக 2013இல் 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை வாங்கி, 2015இல் 760 கோடி டாலரை நட்டமென்று எழுதியது. அதே ஆண்டு அக்டோபரில்தான் நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில், ஆப்பிள் கடையின் கண்ணாடிக் கனசதுரத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி, ஐந்து மாடிக் கடையைத் திறந்தது. கைப்பேசியில் தோற்ற நிறுவனத்தை அந்த ஐந்து மாடியால் தூக்கி நிறுத்த முடியவில்லை.

2020 ஜூன் 26 அன்று எல்லாக் கடைகளையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்து, 45 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதியது. கதை சொல்பவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நான் தொடர்கிறேன். கடைப் போரில் தோற்றதாகச் சொல்லப்படும் இந்த நிறுவனம், 2018 நவம்பரிலும் மறுபடி 2024 ஜனவரியிலும் சந்தை மதிப்பில் ஆப்பிளையே முந்தியது. சத்ய நாதெள்ளாவின் தலைமையில் அது மேகக் கணினிச் சேவையிலும் சந்தா முறை மென்பொருளிலும் வளர்ந்தது. அவற்றை விற்க ஒரு மால்கூடத் தேவைப்படவில்லை. நிறுவனத்தின் விதியைக் கடை தீர்மானிக்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரான மறுப்பு இல்லை.

அதே மூச்சில், பெருந்தொற்றும் இணைய வணிகமும் கடைகளைக் கொன்றன என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் சீனாவுக்கு வெளியே இருந்த தன் கடைகள் எல்லாவற்றையும் ஆப்பிளும் மூடியது. பிறகு திறந்தது. ஒரே நோய், ஒரே இணையம். ஒருவர் மூடினார், ஒருவர் திறந்தார். காரணம் வெளியே இல்லை.

மாளிகை இல்லாமல் வென்றவர்கள்

கண்ணாடி மாளிகை இல்லாமலே வென்றவர்களை ஆசியாவில் பார்க்கலாம். 2016இல் சீனக் கைப்பேசிச் சந்தையில் முதலிடம் ஓப்போவுக்கு; விவோ மூன்றாமிடம். சீனப் பெருநகரங்களில் அழகழகான கடைகள் வைத்திருந்த ஆப்பிளும், இணையத்தையே நம்பியிருந்த சியோமியும் அவற்றுக்குப் பின்னால் நின்றன. ஓப்போவும் விவோவும் செய்தது என்ன? சிறு நகரங்களில் இருந்த ஆயிரமாயிரம் சாதாரணக் கடைக்காரர்களுக்கு நல்ல லாப விகிதம் கொடுத்தன, பெயர்ப்பலகை கொடுத்தன, பொருளை விளக்க ஆள் கொடுத்தன. அடுத்தவருக்குப் பங்கு கொடுத்து வென்ற வழி அது.

ஓப்போவின் பச்சைப் பலகையும் விவோவின் நீலப் பலகையும் தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்துக்கு எதிரிலும் தெரியும். 2024இல் இந்தியச் சந்தையில் அதிகக் கைப்பேசி விற்றது விவோ. அந்தப் பலகைகளுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் உள்ளூர்க்காரர். பழைய ஃபோனை வாங்கிக்கொண்டு புதியதைத் தருகிறார், தவணைக்கு ஏற்பாடு செய்கிறார், பழைய எண்களைப் புதிய ஃபோனுக்கு மாற்றிக்கொடுக்கிறார். வாடிக்கையாளர் மறுபடி வருவது அவரை நம்பித்தான். இந்தச் சில்லறை வணிகர்களை நிறுவனங்கள் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஏப்ரல் மாதம் சான்று. லாப விகிதம் குறைவு, வாரண்டிக் கோரிக்கைகள் தேங்குகின்றன என்று புகார் சொல்லி, தென்னிந்தியச் சில்லறை விற்பனையாளர் அமைப்பு ஒன்பிளஸ் பொருள்களை விற்க மாட்டோம் என்று அறிவித்தது. அந்த அமைப்பில் இருந்தவை சுமார் 4,500 கடைகள்.

இந்தியாவில் ஆப்பிளின் கதையும் என் வாதத்துக்கே சாட்சி. ஒரே நிறுவனப் பொருள்களை விற்கும் கடைகளில் அந்நிய முதலீட்டுக்கு 30 விழுக்காடு உள்நாட்டுக் கொள்முதல் வேண்டும் என்ற விதி இருந்தது. அது 2019இல் தளர்ந்தபின், 2020இல் ஆப்பிளின் இணையக் கடையும், 2023 ஏப்ரலில் மும்பை, டெல்லி கடைகளும் திறந்தன. ஆனால் அந்த ஏப்ரலுக்கு முந்தைய நிதியாண்டிலேயே அதன் இந்திய விற்பனை ஏறக்குறைய 600 கோடி டாலரைத் தொட்டுவிட்டதாகச் செய்திகள் வந்தன. இணையத்துக்கு வெளியே சொந்தக் கடை ஒன்றுகூட இல்லாத நாட்டில் கண்ட வளர்ச்சி அது. உலக அளவிலும் 2023இல் ஆப்பிளின் மொத்த விற்பனையில் நேரடியாக, இணையத்தையும் சேர்த்து, விற்றது 37 விழுக்காடு. மீதி 63 விழுக்காட்டை விற்றவர்கள் மற்றவர்கள். கடைகளால் வென்ற நிறுவனம் என்று எடுத்துக்காட்டப்படும் ஆப்பிளே பாதிக்கு மேல் அடுத்தவர் கடைகளைத்தான் நம்பியிருக்கிறது.

எது மிச்சம்?

'அப்படியானால் ஆப்பிள் கடை வீண் என்கிறீர்களா?' என்று கேட்பார்கள். இல்லை. அந்தக் கடைகளில் மேக் வாங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மேக்குக்குப் புதியவர்கள் என்று அந்த நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. அது பெரிய சாதனை. ஆனால் அதைச் சாதித்தவை கண்ணாடிப் படிகளோ பளிங்குத் தரையோ அல்ல. மூன்று காரியங்கள் அதைச் சாதித்தன. விற்ற ஒவ்வொன்றுக்கும் கமிஷன் என்ற நெருக்குதல் ஊழியருக்கு இல்லை. ஆகவே தேவையற்றதைத் தலையில் கட்ட அவசியமில்லை. வாங்காதவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விற்ற அதே கூரையின் கீழ் பழுதும் பார்க்கப்படும்.

மூன்றாவதன் வலிமையை 2018 காட்டியது. பழைய ஐஃபோன்களின் வேகத்தை நிறுவனமே குறைத்தது வெளிப்பட்டு எதிர்ப்பு எழுந்தபோது, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். மக்கள் பேட்டரியை மாற்றிக்கொண்டு பழைய ஃபோனையே வைத்துக்கொண்டார்கள். புதிய ஃபோன் விற்பனை குறைந்ததற்கான காரணங்களில் இதையும் ஒன்றாக 2019 ஜனவரியில் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஆப்பிளின் அப்போதைய தலைமை நிர்வாகி டிம் குக் குறிப்பிட்டார். கடையில் நிறுவனத்தின் லாபத்துக்கு எதிராகக்கூட வாடிக்கையாளர் பக்கம் நிற்கக்கூடிய ஒரே மேசை பழுதுபார்க்கும் மேசை. கடைக்கு மதிப்பு இருக்கிறதென்றால் அது அந்த மேசையில்தான் இருக்கிறது.

நம் ஊரில் திறக்கப்படும் 'அனுபவ மையங்கள்' பலவற்றில் இல்லாதது அதுவே. திரை மின்னுகிறது, குளிர்சாதனம் ஓடுகிறது. ஃபோன் பழுதானால் ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்கிறார்கள். மும்பை, டெல்லி, பெங்களூரு, புணே என்று ஆப்பிள் கடைகள் திறக்கத் திறக்க, 'ஸ்ரீபெரும்புதூரில் ஐஃபோன் செய்கிறோம், சென்னைக்கு எப்போது கடை?' என்ற கேள்வி இங்கே எழுகிறது. ஆதங்கம் புரிகிறது. கேள்வி தவறு. மாளிகை நம் ஊருக்கு வருவதால் நம் கௌரவம் கூடாது. ஐஃபோனைக் கையால் கோக்கும் மாவட்டங்களில் அதைப் பழுதுபார்க்கும் பயிற்சியும், அசல் உதிரி பாகங்களும், நியாயமான கட்டணமும் கிடைக்கின்றனவா என்று கேட்போம். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையவாசலைத் தொடங்கியது. அது தகவல் பலகையாக நின்றுவிடாமல், உதிரி பாகங்களை உள்ளூர்க் கடைக்காரருக்கும் விற்றாக வேண்டும் என்ற சட்டமாக வேண்டும்.

கடைகளின் போட்டியைக் கண்ணாடியின் உயரத்தால் அளக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்த அளவுகோல் கேட்வேயின் 2,500 ஊழியர்களையும் ஜேசி பென்னியின் ஆயிரங்களையும் காப்பாற்றவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் வளர்ச்சியை விளக்கவில்லை. ஓப்போ, விவோவின் வெற்றியைக் கண்டுகொள்ளவே இல்லை. எந்த நிறுவனம் எங்கே கடை திறந்தாலும் வாடிக்கையாளரும் பத்திரிகையாளரும் கேட்க வேண்டியவை மூன்றுதான். வேறெங்கும் கிடைக்காத எதை இங்கே விற்கிறீர்கள்? உங்கள் ஊழியருக்குச் சம்பளமா, கமிஷனா? நான் வாங்கியது மூன்றாம் ஆண்டில் கெட்டால் இதே கடையில் சரிசெய்து தருவீர்களா? இவற்றுக்குப் பதில் உள்ள கடை தகரக் கூரையின் கீழ் இருந்தாலும் நிலைக்கும், மதிப்பும் பெறும். பதில் இல்லாத கடைக்கு நம் வியப்பையோ பணத்தையோ கொடுக்க வேண்டியதில்லை.